அந்த ஒரு வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி, உங்கள் உயர்கல்வி வழிகாட்டி இணைப்பைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு வந்தாள். 'பி.எஸ்சி. உடற்பயிற்சி அறிவியல்: பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம், பிசியோதெரபிஸ்ட் ஆகலாம்' என்ற வரிக்குக் கீழே பேனாவால் இரண்டு கோடு போட்டிருந்தாள். "அக்கா, நீங்களும் இதுதானே படிச்சீங்க?" என்றாள்.

ஆமாம், இதுதான் படித்தேன். சேர்க்கையின்போது கவுன்ட்டரில் இருந்தவர் என் அப்பாவிடமும் இதையேதான் சொன்னார். மூன்றாம் வருடம் பாதி போன பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அரசுப் பள்ளி வேலைக்கு பி.பி.எட். மாதிரி உடற்கல்விக்கென்றே உள்ள ஆசிரியர் படிப்பு தனியாக வேண்டும். பி.பி.எட். என்றால் டிகிரிக்கு மேல் இன்னும் 2 வருடம். பிசியோதெரபிக்கோ அதற்கென்றே உள்ள பி.பி.டி. டிகிரியை முதல் வருடத்திலிருந்தே படித்தாக வேண்டும். இந்த டிகிரியைக் காட்டி அதன் மேல்படிப்பான எம்.பி.டி. சேரவும் முடியாது. அன்று அப்பா முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

முதல் வேலை ஜிம்மில். சம்பளம் 9,000 ரூபாய். காலை 5 முதல் 10 வரை, அப்புறம் மாலை 4 முதல் 9 வரை. பயிற்சி சொல்லிக் கொடுத்ததைவிட மாதம் இத்தனை டப்பா புரோட்டீன் பவுடர் விற்றாயா என்ற கேள்விக்குப் பதில் சொன்னதுதான் அதிகம். பதினொரு மாதம் தாக்குப் பிடித்தேன்.

இப்போது முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் பயிற்சி கொடுக்கும் ஒரு மையத்தில் இருக்கிறேன். படித்த படிப்பு இங்கேதான் வேலைக்கு ஆகிறது. 67 வயது அம்மா ஒருவர் வந்தார். கைப்பிடி இல்லாத, 17 அங்குல உயர நாற்காலி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவோம். அந்த வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போனால் கால் பலம் குறைவு, விழும் ஆபத்து உண்டு என்று கணக்கு. அவர் 6 முறை எழுந்தார். "உட்கார்ந்து எழுந்திருக்கறதுக்காம்மா காசு வாங்கறீங்க?" என்று கேட்டார். நாற்காலியில் இரண்டு மெத்தை போட்டு உயர்த்தி ஆரம்பித்தோம். மூன்று வாரம் கழித்து ஒரு மெத்தையை எடுத்தோம், பிறகு இன்னொன்றை. பேசிக்கொண்டே செய்ய முடிகிறதா என்பதுதான் வேகத்துக்கு அளவு. அவருக்குப் பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. மூன்று மாதத்தில் 10 வந்தது. டவுன் பஸ்ஸில் யாரும் கை கொடுக்காமலே ஏறினாராம்.

கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு பக்கம். எந்த டிகிரியும் செல்லும் என்பதால் ஒருவன் எஸ்.ஐ. தேர்வு எழுதினான், கயிறு ஏறுவதும் ஓடுவதும் அவனுக்கு விளையாட்டு. பல்கலைக்கழக அளவில் கபடி ஆடியவன் பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் கோச்சிங் டிப்ளமோ முடித்தான். அதில் சேர டிகிரியைவிட ஆடிய சான்றிதழ்தான் முக்கியம். இன்னொருத்தி அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.எஸ்.சி.எஸ். என்ற உடல்வலுப் பயிற்சியாளர் தேர்வில் தேறி, விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி தருகிறாள். 2030 முதல் அந்தத் தேர்வை எழுத, அவர்கள் ஏற்கும் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்திருக்க வேண்டும். இப்போது சேர்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டாமா?

நான் அந்தப் பெண்ணிடம் சேராதே என்று சொல்லவில்லை. போன வருடம் முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள், ஆஸ்பத்திரியிலோ விளையாட்டு அணியிலோ நேரடிப் பயிற்சி உண்டா என்று கேள், லேபைத் திறந்து காட்டச் சொல் என்றேன். எங்கள் கல்லூரி டிரெட்மில்லுக்கு எப்போதும் துணி போர்த்தியிருக்கும். இன்ஸ்பெக்‌ஷன் அன்றுதான் அதற்கு விடுதலை.

அந்த வரியைத் திருத்தி, மேற்கொண்டு என்ன படிக்க வேண்டும் என்பதையும் சேர்த்து ஒரு முறை வெளியிடுங்கள். அவள் விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஆத்தூர், சேலம் மாவட்டம்.