ஆக்சிஜனை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மின்சாரத்தின் உதவியால் கரியமில வாயுவைப் பிடிக்கும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் வெளியான கட்டுரையில், அவ்வாயுவைப் பற்றும் பொருளாக ஆந்த்ராகுவினோன் என்ற கரிமச் சேர்மத்தின் பெயரைக் கண்டதும், கோத்தகிரி அருகே சிறிதளவு தேயிலை வைத்திருக்கும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிலோ தேயிலையில் அது 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு; ஹீட்டர் குழாயில் விரிசல் விட்டு விறகுப் புகை, தேயிலையை உலர்த்தும் டிரையருக்குள் கசிந்தால் அது தூளில் ஏறிவிடும். போன மழைக்காலத்தில் நான் இலை போடும் தொழிற்சாலையில் ஒரு பிடித் தூளை எடுத்து முகர்ந்தபோது, ஈர விறகின் புகை வாடை கையிலேயே தங்கிவிட்டது.

ஆயினும், பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கட்டுரையாளர் அந்த மூலக்கூறைப் புகழ்ந்ததில் எனக்கு மாறுபாடு இல்லை. மருதாணிச் சிவப்பைத் தரும் லாசோனும் அதே குவினோன் குடும்பம்தான். இக்குடும்பத்தவை எலக்ட்ரானை வாங்கவும் திருப்பித் தரவும் வல்லவை. மின்சாரம் பாயும் தகடான மின்முனையில் எலக்ட்ரான் ஏறியதும் குவினோனின் ஆக்சிஜன் அணுக்கள் எதிர்மின் சுமை பெற்றுக் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்கின்றன. மின்னோட்டத்தைத் திருப்பினால் விட்டுவிடுகின்றன. ஆகவே கட்டுரையில் உள்ள ‘வடிகட்டி’ என்ற சொல் பொருந்தாது. சார்ஜ் ஏறி இறங்கும் பேட்டரி என்றால் பொருந்தும். கரியமில வாயுவைப் பிடிக்க வழக்கமாகப் பயன்படும் அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலில் பிடித்த வாயுவைப் பிரிக்க ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடாக்க வேண்டியிருக்க, இதற்கு அந்தச் சூடு வேண்டியதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் கார்பன் நானோகுழாய்கள் என்னும் மிக நுண்ணிய கரிக் குழாய்களின் மேல் பாலிஆந்த்ராகுவினோனை (ஆந்த்ராகுவினோன் சங்கிலியாக இணைந்த பொருள்) பூசிச் செய்த மின்முனை, வாயுவைப் பிடித்து விடும் 7,000 சுற்றுகள் தாங்கியது. அதற்குள் திறன் சுமார் 30 விழுக்காடு குறைந்தது.

கட்டுரை விட்டுவிட்டது ஆக்சிஜனை. நாம் சுவாசிக்கும் காற்றில் கரியமில வாயுவின் ஒரு மூலக்கூறுக்கு ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஏறத்தாழ 500 இருக்கின்றன. எலக்ட்ரான் ஏறிய குவினோன் அந்த எலக்ட்ரானைக் கரியமில வாயுவுக்காக வைத்துக் காத்திருப்பதில்லை. பக்கத்தில் வரும் ஆக்சிஜனிடம் கொடுத்துவிடுகிறது. செலவழித்த மின்சாரம் வீணாவதோடு, அவ்வாறு எலக்ட்ரான் பெற்ற ஆக்சிஜனான சூப்பராக்சைடு மின்முனையையும் அரிக்கக்கூடும். மூலக்கூறில் வேறு தொகுதிகளை இணைத்து ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்காதபடி மாற்றலாம். ஆனால் அப்போது கரியமில வாயுவைப் பற்றும் பிடியும் தளர்ந்துவிடுகிறது. இந்த இழுபறியில்தான் வேதியியலாளர்கள் இன்றும் மூலக்கூறு மாற்றி மூலக்கூறாக முயன்று வருகிறார்கள்.

நிலைமை இவ்வாறிருக்க, இக்கருவிகளை நீலகிரி முகடுகளில் வரிசையாக நிறுவலாம் என்று எழுதியது அவசரம். முகட்டில் வீசும் காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடுதான், நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கியிலோ 12 விழுக்காட்டுக்கும் மேல். அங்கும் ஓரளவு ஆக்சிஜன் மிஞ்சியிருக்கும் என்றாலும், முயன்று பார்க்கத் தக்க இடம் அதுவே.

இனி இத்தகைய ஆய்வு முடிவுகளை வெளியிடும்போது, சோதனை தூய கரியமில வாயுவில் நடந்ததா, ஆக்சிஜன் கலந்த வாயுவில் நடந்ததா என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.