கையெழுத்துப் போட்டவர்களுக்கும் கண் விழித்தவர்களுக்கும்

அன்பு நிறைந்த எல்லோருக்கும் வணக்கம்.

ஊர் திரும்பியதிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் என் தைரியத்தைத்தான் பாராட்டுகிறீர்கள். கை நிறையச் சம்பளம் வந்த ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, கல்யாணம் ஆகாத ஒரு பெண், ஒற்றை ஆளாக ஒரு வருஷத்துக்கு மேல் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு வந்திருக்கிறாள் என்றால் அப்படித்தான் சொல்லத் தோன்றும். உங்கள் அன்புக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்கள் தைரியம் என்று பார்ப்பதில் பெரும்பகுதி, எனக்காக மற்றவர்கள் இழுத்துப் போட்டுச் செய்த வேலை. அவர்களில் பலர் கேரள எல்லையில் இருக்கும் நம் புளியரையையும் செங்கோட்டையையும் தாண்டாதவர்கள். அவரவர் செய்ததை அவரவர் பேரில் சேர்ப்பதற்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

முதல் நன்றி புனலூரில் இருக்கும் மலையாளம் சாருக்கு.

வேலையை விட்ட பிறகு விசா கேட்பது எவ்வளவு கஷ்டம் என்பது கேட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். திரும்பி ஊருக்கு வருவாளா என்பதுதான் விசா கொடுப்பவர்களின் முதல் சந்தேகம். வேலை, குடும்பம், சொத்து என்று எதையாவது காட்டச் சொல்வார்கள். எனக்கு வேலை இல்லை, புருஷன் பிள்ளை இல்லை. மிச்சம் இருந்தது வீடும் அதை ஒட்டிய தோப்பும். அதன் பட்டாவோ இன்னும் தாத்தா பெயரிலேயே கிடந்தது. அதை அப்பா பெயருக்கு மாற்றலாம் என்று இறங்கினால், மூலப்பத்திரம் மலையாளத்தில் இருக்கிறது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. பத்திரம் எழுதிய காலத்தில் திருவிதாங்கூர் ராஜ்யம். எனக்கு மலையாளம் பேச வரும், பஸ் போர்டும் பேப்பரும் வாசிப்பேன். இந்தப் பத்திரத்தில் ஒரு வரி ஓடவில்லை. 1971-இல் மலையாள எழுத்தைச் சீர்திருத்துவதற்கு முந்தைய கூட்டெழுத்து, அதிலும் கையால் எழுதியது. வருஷம் 1112 என்று போட்டிருந்தது. அது கொல்லம் ஆண்டு, நம் கணக்கில் 1936-37 என்பதே சார் சொல்லித்தான் தெரிந்தது.

சார் ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஒரு கண்ணில் பார்வை மங்கல். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, திண்ணையில் வெளிச்சம் இருக்கும் நேரமாகப் பார்த்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் எழுதினேன். கிழக்கே யார் பூமி, மேற்கே எந்த ஓடை, எல்லைக்கு எந்தப் புளியமரம் என்பது வரைக்கும் வந்தது. அந்தப் புளியமரம் இப்போது இல்லை. அது நின்ற இடத்தை அப்பாவுக்குத் தெரியும். வேலை முடிந்து பணம் நீட்டினபோது சார் கையை விலக்கிவிட்டார். "மோளே, போய் வந்து கதை பறஞ்ஞா மதி" என்றார், போய் வந்து கதை சொன்னால் போதும் என்று. போன வாரம் கொல்லம் ரயில் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் சார். மதியம் தூங்காமல் முழுதும் கேட்டீர்கள். அதற்கும் சேர்த்து நன்றி.

அந்தப் பட்டா மாறுவதற்குக் குளத்துப்புழை அத்தையும் சித்தப்பாவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பாகம் எப்போதோ வாய்வார்த்தையில் பிரிந்துவிட்டது, பதிவுதான் பாக்கி. "தம்பி மக ஊர் சுத்துறதுக்கு நாம ஏன் கையெழுத்துப் போடணும்" என்று அத்தையிடம் சிலர் ஓதினார்களாம். அத்தை முட்டுவலியோடு மலை இறங்கி, பத்திர ஆபீஸ் பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்து, ரேகை வைத்துப் படம் எடுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டு, "செலவுக்கு வச்சுக்கோ" என்று என் கையில் பணத்தையும் திணித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அத்தே, அந்தப் பணத்தில் வாங்கிய ஸ்வெட்டர்தான் ஜார்ஜியாப் பனியில் என் உடம்பில் இருந்தது.

திருவனந்தபுரத்தில் எனக்கு மேலே இருந்த மேனேஜருக்கு அடுத்த நன்றி. இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு ஏஜெண்ட் என்னிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, வேலையில் இருப்பதாகப் பொய்ச் சான்றிதழ் வைத்தால்தான் விசா கிடைக்கும் என்றார். மாட்டேன் என்றேன். பணமும் திரும்பவில்லை. அதைக் கேள்விப்பட்டு மேனேஜர் தானாகக் கூப்பிட்டு, நான் முறைப்படி விலகியது, எத்தனை வருஷம் என்ன பொறுப்பில் இருந்தேன், திரும்பி வந்தால் வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்று மூன்றையும் கம்பெனித் தாளில் எழுதிக் கொடுத்தார். உண்மையை மட்டும் எழுதிய அந்தத் தாளை வைத்துத்தான் ஐரோப்பிய நாடுகளுக்கான செங்கன் விசா வாங்கினேன். கூடவே 3 வருஷ வருமான வரி ரிட்டர்ன், முத்திரை போட்ட பேங்க் ஸ்டேட்மெண்ட், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. வேலையை விட்டவர்களுக்கு விசாவே கிடையாது என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

எச்.ஆர். பிரிவில் இருந்த தங்கையையும் மறக்க முடியாது. பி.எஃப். கணக்கில் வேலை விட்ட தேதியைக் கம்பெனி ஏற்றாமல் போட்டால் பணம் எடுக்க நாம் அலைய வேண்டும். கடைசி நாள் முடிந்த கையோடு அவள் ஏற்றிவிட்டாள். அப்போதைய விதிப்படி 2 மாதம் கழித்து முழுத்தொகையும் வந்தது. 5 வருஷம் தாண்டியிருந்ததால் கிராஜுவிட்டியும் கிடைத்தது. என் பயணத்தின் முக்கால்வாசிச் செலவு இந்த இரண்டிலும்தான் நடந்தது. ஆபீசில் என் வேலையைத் தலையில் வாங்கிக்கொண்ட இரண்டு தம்பிகளும் நோட்டீஸ் காலம் முழுக்க ஒரு முகச்சுளிப்பு காட்டவில்லை.

கொச்சியில் டீக்கடை நடத்தி, ஒவ்வொரு நாளும் கல்லாவிலிருந்து 300 ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடனும் வாங்கி 26 நாடுகள் பார்த்த விஜயன் - மோகனா தம்பதியைப் பற்றி உங்களில் பலர் படித்திருப்பீர்கள். விஜயன் அய்யா 2021 நவம்பரில் காலமானார். "இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போகலாம்" என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு, அவர்கள் வாழ்ந்த கணக்கு ஒரு பெரிய பலம். மோகனா அம்மாவுக்கு என் வணக்கம்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்தபோது மரியாதையாகப் பேசிய போலீஸ்காரருக்கும், சாட்சி சொன்ன பக்கத்து வீட்டு அக்காமார் இருவருக்கும் நன்றி. மஞ்சள் காய்ச்சல் ஊசி போட என்னைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டுக்குக் கூட்டிப்போன சைதாப்பேட்டை சித்திக்கும் நன்றி. தென் அமெரிக்காவில் இருக்கும் பெரு மாதிரி நாடுகளிலிருந்து இந்தியா திரும்பும்போது அந்த மஞ்சள் அட்டை கையில் இல்லையென்றால் தனியே அடைத்து வைத்துவிடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும் என்பதை எடுத்துச் சொல்லி, என் டிக்கெட் தேதியையே தள்ளிவைக்கச் சொன்னது சித்திதான்.

இனி அம்மா.

என் இந்திய நம்பரை ரோமிங்கில் போட்டால் செலவு தாங்காது. அதனால் அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பேங்க் கார்டில் பணம் கட்டும்போதெல்லாம் ஓ.டி.பி. அந்தப் போனுக்கு வரும். நான் வாட்ஸ்அப்பில் அம்மாவின் இன்னொரு போனைக் கூப்பிடுவேன். பெருவில் மாலை 4 மணி என்றால் நம் ஊரில் மறுநாள் விடியக்காலை 2:30. அம்மா இரண்டு போனையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்பது அப்பா சொல்லித்தான் பின்னால் தெரியும். அந்த மெசேஜில் தொகை, கார்டின் கடைசி நாலு எண், நேரம் என்று எல்லாமே எண்ணாகத்தான் இருக்கும். எது நமக்கு வேண்டியது என்று முதல் தடவை அம்மாவுக்குக் குழம்பியது. ஒரு வாரத்தில் பிடிபட்டுவிட்டது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, "சேந்தாப்ல ஆறு நம்பர் இருக்கே, அதான ஏட்டி?" என்று கேட்டு, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். சில நேரம் அம்மா சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்து அடுத்த எண் வந்துவிடும். அலுக்காமல் மறுபடி வாசிப்பாள். சொல்லி முடித்ததும் "சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். நான் மாச்சு பிச்சுவுக்கு ரயில் ஏறியது அம்மா கண் விழித்துச் சொன்ன ஆறு எண்களால்தான்.

வெளிநாட்டில் உதவியவர்களில் பலர் இதைப் படிக்கப் போவதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பெருவில் கூஸ்கோ ஊர் 3,400 மீட்டர் உயரம். போன முதல் ராத்திரி தலை வெடித்துவிடும் போல இருந்தது, மூச்சு எட்டவில்லை. தங்கும் விடுதியின் அம்மா கோக்கா இலைத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, விடியும்வரை என் கதவைப் பாதி திறந்தே வைத்துவிட்டு எதிர்க் கூடத்தில் படுத்துக்கொண்டார். ஜார்ஜியாவின் தலைநகர் திபிலிசியில் வயிறு கெட்டுக் காய்ச்சலில் விழுந்தபோது, அங்கே டாக்டருக்குப் படிக்கும் ஒரு கொட்டாரக்கரைப் பெண் கிளினிக்குக்கு அழைத்துப் போய், நான் சொன்னதை ஜார்ஜிய மொழியில் டாக்டரிடம் சொல்லி, மூன்று வேளையும் கஞ்சியும் பயறும் வைத்துத் தந்தாள். பரீட்சை நேரம் அவளுக்கு. அங்கிருந்து கஸ்பெகி என்ற மலையூருக்குப் போகும் வழியில் பனி கொட்டிச் சாலையை அடைத்துவிட்டார்கள். மினி பஸ்ஸில் இருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துத் தன் உறவினர் வீட்டுக்கு இழுத்துப் போனார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜார்ஜியன் தெரியாது. சிவப்பு பீன்ஸை மசித்து உள்ளே வைத்துச் சுட்ட ரொட்டி ஒன்றை நான் தின்று முடிக்க முடிக்க அடுத்ததை வைத்துக்கொண்டே இருந்தார். நம் வீட்டுப் பெரியவர்கள் பரிமாறுகிற அதே அதட்டல். பாட்டியும் நானும் சேர்ந்து எடுத்த படத்தைக் கழுவிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.

அப்பாவைப் பற்றி ஒன்றே ஒன்று. மர மில்லில் கணக்கு எழுதிய மனுஷன், அதிகம் பேசமாட்டார். கல்யாண வீட்டில் வைத்து ஒரு உறவுக்காரர், "பொம்பளப் பிள்ளைய இப்படித் தனியா அனுப்பலாமா" என்று சபையில் கேட்டுவிட்டார். அப்பா நிதானமாக, "நான் நிலம்பூர் தேக்கு ஏலத்துக்கு வாரக்கணக்குல போயிட்டு வந்தேன். அன்னைக்கு யாரும் ஒண்ணும் கேக்கலியே. எம்மவளும் போயிட்டு வருவா" என்றார். நான் அப்போது வியட்நாமில் இருந்தேன். தம்பி சொல்லிக் கேட்டு, தங்கிய அறையில் உட்கார்ந்து அழுதேன்.

கடைசியாக எழுதினாலும் மயினிக்குத்தான், அண்ணன் மனைவிக்குத்தான், நான் பட்ட கடன் அதிகம். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட வேண்டும். வேலையில் இருந்தவரை வார இறுதியில் நான் வந்து பார்ப்பேன், மாத்திரை மருந்து வாங்கி வைப்பேன். நான் போன பிறகு அந்த வேலை முழுதும் மயினி தலையில். நான் பெருவில் இருந்தபோது அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் படாமல் பார்த்து, திருநெல்வேலிக்கு அலைந்து எல்லாம் முடித்த பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா நீ டிக்கெட் போட்டுருவ" என்றார் மயினி. அந்த மாதங்களில் தையல் ஆர்டர் பாதியைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதில் போன வருமானம் என் கணக்கில் எங்கேயும் இல்லை. வீட்டுப் பெண் ஒருத்தி கிளம்பினால், அவள் விட்டுப் போகிற வேலை இன்னொரு பெண் தலையில்தான் வந்து விழுகிறது. என்னைப் பாராட்டி மேடையில் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும். மயினிக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பம் போட்டாகிவிட்டது, திருநெல்வேலியில் தேதியும் கிடைத்துவிட்டது. இந்தத் தடவை வீட்டில் இருந்து இன்சுலின் போடப் போவது நானும் அண்ணனும்.

வேலை பார்த்த காலம் முழுக்க வாரா வாரம் தென்மலை, பாலோடு வழியாக என்னை ஏற்றி இறக்கிய கேரள அரசு பஸ் (கே.எஸ்.ஆர்.டி.சி.) டிரைவர், கண்டக்டர்களுக்கும், ராத்திரி எந்நேரம் இறங்கினாலும் வீட்டு வாசல்வரை வந்து விட்ட புளியரை ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மாருக்கும் நன்றி.

பாஸ்போர்ட், விசா, பி.எஃப். பேப்பர்களை யாராவது ஒருமுறை பார்த்துச் சொன்னால் தேவலை என்று நினைக்கிற பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சனி ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். என் ஃபைலை அப்படியே வைத்திருக்கிறேன், மாதிரிக்கு எடுத்துப் போகலாம். பணம் எதுவும் வேண்டாம். நான் வெளியே போயிருந்தால் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போங்கள், நானே கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுப் பெண்,
புளியரை