சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்கு, 5.06 பற்றி

காரைக்குடி

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனைத் தாள் கிடைத்தது. "எச்டிஎல் நல்லாத்தான் இருக்கு அப்பச்சி, வெள்ளிக்கிழமை மூணு பெக் போடுறதுல ஒண்ணும் கெட்டுப்போகல" என்று எழுதியிருக்கிறாய். என் கண் போனது வேறு வரிக்கு. எல்டிஎல் 5.06. எச்டிஎல்லை நல்ல கொலஸ்ட்ரால் என்பார்கள், எல்டிஎல்லைக் கெட்ட கொலஸ்ட்ரால் என்பார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், பொறுமையாகப் படி.

சிங்கப்பூர்த் தாளில் எல்லாம் மில்லிமோல் கணக்கு. நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு மாற்ற, கொலஸ்ட்ரால் எண்களை 38.67ஆல் பெருக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பை மட்டும் 88.57ஆல். அப்படிப் பார்த்தால் உனக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 290, எச்டிஎல் 52, ட்ரைகிளிசரைடு 212, எல்டிஎல் 196. பெரும்பாலான லேபுகளில் எல்டிஎல்லை நேராக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். கழித்துப் பார், அதே எண் வரும். ட்ரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் மட்டும் இந்தக் கழித்தல் செல்லாது. அப்போது நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும்.

இதில் 212 குடி ஏற்றிய எண்ணாக இருக்கலாம். 196 அப்படி வந்ததில்லை. பெரியவர்களுக்கு எல்டிஎல் 190ஐத் தொட்டாலே பரம்பரையைச் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரல் செல்களின் மேல் இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த ஏற்பிக்கான மரபணு ஒன்று அப்பாவிடமிருந்தும் ஒன்று அம்மாவிடமிருந்தும் வருகிறது. இரண்டில் ஒன்று பழுதானாலே ஏற்பிகளில் பாதிதான் வேலை செய்யும். உலகத்தில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இதைப் பெற்றவர்களுக்குப் பிறந்த நாளிலிருந்தே எல்டிஎல் கூடுதல். வட்டிக்கு வட்டி ஏறுகிற கடன் மாதிரி, எண் எவ்வளவு என்பதோடு எத்தனை வருஷமாக நிற்கிறது என்பதும் சேர்ந்துதான் ரத்தக்குழாயில் படிகிறது. வைத்தியம் செய்யாமல் விட்ட ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயக் குழாய் நோய் வந்துவிடும். உனக்கு இப்போது 36.

உன் ஆத்தாளுக்கும் மாத்திரை தொடங்குவதற்கு முன் எல்டிஎல் 200க்கு மேல்தான். ஆத்தாளைப் பெற்ற ஐயா 49 வயதில் மாரடைப்பில் போனார்கள். வெற்றிலையைத் தவிர வேறு எதையும் தொடாதவர்கள். ஆண்களுக்கு 55க்கு முன், பெண்களுக்கு 65க்கு முன் இதய நோய் வந்தால் அதை இளவயது என்றுதான் எழுத வேண்டும். டாக்டர் கேட்டால் "தாத்தா ஹார்ட் அட்டாக்" என்று மட்டும் சொல்லாதே, வயதைச் சேர்த்துச் சொல்.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஐயா கண்டனூர் வீட்டுக்குப் பிள்ளை கூட்டி, அதாவது தத்தெடுத்து, வந்தவர்கள், பிறந்தது தேவகோட்டையில். கோயில், புள்ளி (கோயிலில் குடும்பமாகப் பதியும் கணக்கு), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) எல்லாம் கண்டனூர்ப் பங்காளிகளோடு போகும். ரத்தம் தேவகோட்டை வீட்டினுடையது. குடும்ப நோய் வரலாறு எழுதும்போது கண்டனூர்ப் பெரியவர்கள் 85 வரை இருந்ததை எழுதினால் டாக்டர் தவறான முடிவுக்குப் போவார். ஐயாவின் உடன்பிறந்தவர்கள் யார், எந்த வயதில் எதனால் போனார்கள் என்று நான் தனியாக விசாரித்து எழுதி அனுப்புகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதைத் தள்ளிப்போடக் கூடாது. மருமகள் உன் அம்மான் மகள். ஐயாவிடமிருந்து இந்த மரபணு உன் ஆத்தாளுக்கு வந்த மாதிரியே அம்மானுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மானிடமிருந்து மருமகளுக்கு மறுபடி பாதி. அவளுக்கும் இருந்தால், உங்கள் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கமும் பழுதான மரபணு சேர நாலில் ஒரு வாய்ப்பு. அப்படிச் சேர்ந்தால் எல்டிஎல் 400, 500 என்று போகும், பத்து வயதிலேயே இதயம் கெடலாம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. மருமகளும் பேத்தியும் இந்த மாதமே ஒரு கொலஸ்ட்ரால் பரிசோதனை செய்துகொள்ளட்டும். பேத்திக்கு 4 வயது. இந்தக் குடும்பங்களில் 2 வயதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அவளுடைய முழங்கை, முட்டி, விரல் கணுக்களின் மேல் மஞ்சள் நிறத்தில் தடிப்போ புடைப்போ இருக்கிறதா என்று குளிப்பாட்டும்போது பார்க்கச் சொல்.

உனக்கு நீயே பார்க்கக்கூடியது குதிகால் தசைநாண், கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த நாண். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மறு முழங்காலின் மேல் போடு. பாதத்தை லேசாக மேலே மடக்கு. குதிகாலுக்கு இரண்டு விரற்கடை மேலே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இருபக்கமும் பிடித்து மேலும் கீழுமாக நகர்த்து. இரண்டு ஓரமும் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். தடித்து, நடுவில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அது கொலஸ்ட்ரால் படிவு. செருப்பு உரசித் தடித்த தோல் வேறு. அது நாணுக்கு மேலே தனியாக நகரும், படிவு நாணோடு ஒட்டியே நகரும். கண்ணாடியில் கருவிழியைச் சுற்றி வெண்மையாக வளையம் தெரிகிறதா என்றும் பார். 45க்கு முன் அந்த வளையம் வந்தால் அதுவும் ஒரு அடையாளம். இவை ஒன்றும் இல்லாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது.

இப்போது குடிக்கு வருகிறேன். 60 மில்லி பெக் ஒன்றில் ஏறக்குறைய 19 கிராம் ஆல்கஹால். மூன்றுக்கு 57. கிராமுக்கு 7 கலோரி, ஆக 400 கலோரி, சோடா மட்டும் கலந்தாலும். கல்லீரல் ஆல்கஹாலைத்தான் முதலில் எரிக்கும். அதுவரை கொழுப்பை எரிக்கும் வேலை நின்றுபோகும். எரியாத கொழுப்பு ட்ரைகிளிசரைடாகித் துகள்களாக ரத்தத்துக்குள் அனுப்பப்படும். கூடவே சுக்காவும் உப்புக்கண்டமும் போனால் கொழுப்பு இன்னும் சேரும், உப்பு ரத்த அழுத்தத்தை ஏற்றும். ட்ரைகிளிசரைடு ஏறும் பரம்பரையும் உள்ளவர்கள் விடாமல் குடித்தால் அது 1000ஐத் தாண்டிக் கணையமே வீங்கிவிடும்.

எச்டிஎல்லை மது ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் ஏறிய அந்த எண் காப்பாற்றுகிறதா? எச்டிஎல்லைப் பெரிதாக ஏற்றிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் ஆய்வை 2006இல் பாதியில் நிறுத்தினார்கள், அதைச் சாப்பிட்டவர்களில் சாவு கூடியதால். எச்டிஎல்லை ஏற்றியதால் மட்டும் மாரடைப்பைக் குறைத்ததாக எந்த மருந்தும் இதுவரை நிரூபிக்கவில்லை. கொஞ்சம் குடிப்பவர்கள் நன்றாக இருப்பதாகக் காட்டிய பழைய ஆய்வுகளில், உடம்பு கெட்டுக் குடியை விட்டவர்களையும் 'குடிக்காதவர்' பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். சீனர்களில் பலருக்குக் குடித்தால் முகம் சிவந்து ஒத்துக்கொள்ளாத மரபணு உண்டு. அவர்கள் பிறவியிலேயே குறைவாகக் குடிப்பவர்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடந்த சீன ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மரபணுவை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, குடி கூடக் கூட ரத்த அழுத்தமும் பக்கவாதமும் கூடின. மிதமாகக் குடித்தால் பாதுகாப்பு என்பது காணாமல் போனது. பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. வாரம் முழுக்கச் சும்மா இருந்து ஒரே ராத்திரி மூன்று, நாலு போடுவது இதயத் துடிப்பையும் தாறுமாறாக்கும். உனக்கு நான் சொல்வது அடியோடு விட்டுவிடு என்பதுதான், பாதியாகக் குறை என்று அல்ல.

விட்டு நாலு வாரம் கழித்து, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் மறுபடி பரிசோதனை செய். ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும். எல்டிஎல் பெரிதாக இறங்காது, அதைக் கண்டு சோர்ந்துபோய் மறுபடி தொடங்காதே. கூடவே டிஎஸ்எச் கேள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் இப்படி ஏறும், அதை முதலில் தள்ளிவிட வேண்டும். கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி, ஜிஜிடி இரண்டும் பார். லிப்போபுரோட்டீன் ஏ என்ற, எல்டிஎல் மாதிரியான துகளின் அளவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அது பெரும்பாலும் பரம்பரை, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும், 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் ஆபத்து இன்னும் கூடுகிறது.

சாப்பாட்டைச் சரிசெய்தால் எல்டிஎல் 10, 15 சதவீதம் குறையும். பாமாயிலையும் தேங்காய் எண்ணெயையும் நிறுத்தி நல்லெண்ணெயை அளவாக வைத்துக்கொள். அடுத்த பெட்டியில் மாவுருண்டை வராது, உன் ஆத்தாளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் 196 அதனால் மட்டும் 100க்கு வராது. மாத்திரை வேண்டியிருக்கும். ஸ்டாடின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை வகையில் ரோசுவாஸ்டாடின் 20 மில்லிகிராம் ஏறக்குறைய பாதியாக்கும், அதாவது 98. அளவை இரட்டித்தால் கூடுதலாக 6 சதவீதம்தான் கிடைக்கும். அதனால் போதவில்லை என்றால் எசெட்டிமைப் 10 மில்லிகிராம் சேர்ப்பார்கள், அது இன்னொரு 20 சதவீதத்தை எடுத்து 78க்குக் கொண்டுவரும். எது, எவ்வளவு என்பதை அங்குள்ள இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். தொடங்கியபின் 4 முதல் 12 வாரத்துக்குள் திரும்ப அளக்க வேண்டும். அளவு மீறிக் குடிப்பவர்களுக்கு ஸ்டாடினால் தசை கெடும் ஆபத்து கூடும். தசை வலித்து, சிறுநீரும் கருத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரிடம் போ. மருமகளுக்கும் ஸ்டாடின் எழுதினால், அடுத்த குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடச் சொல், கருத்தரிப்பதற்கு முன் நிறுத்த வேண்டியிருக்கும்.

எண் நன்றாக இறங்கிவிட்டது என்று நடுவில் நிறுத்தாதே. நிறுத்தினால் சில வாரத்தில் பழைய எண்ணுக்கே ஏறிவிடும்.

பேத்தியின் தாள் வந்ததும் படம் எடுத்து அனுப்பு, எண்ணை மட்டும் போனில் சொல்லாதே.

அன்புடன்,
அப்பச்சி