எட்டாம் வகுப்பில் எழுந்த ஒரு கேள்வி

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

போன வாரம் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் ஆசிரியர் வராததால் நான் போயிருந்தேன். பூமியைச் சூடாக்கும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கூடிக்கொண்டே போவதைப் பலகையில் கோடாக வரைந்து காட்டினேன். ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு, இப்போது 420-ஐயும் தாண்டிவிட்டது. கோடு பலகையின் மேல் விளிம்பை நெருங்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிள்ளை எழுந்து, "அளந்துக்கிட்டேதானே சார் இருந்தாங்க, அப்புறம் ஏன் யாரும் நிறுத்தல?" என்று கேட்டாள். நான் நிலக்கரி, பெட்ரோல் என்று ஏதோ விளக்கினேன். "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டாள், ஆனால் முகம் தெளியவில்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. அவள் கேட்டது அறிவியல் இல்லை, நியாயம். நாம் எரிப்பதில் ஒரு பகுதி பல நூறு வருடம் காற்றிலேயே தங்கும், அதன் சூட்டைத் தாங்கப்போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. மாலத்தீவு மாதிரி கடலை ஒட்டித் தாழ்ந்து கிடக்கும் நாடுகள் இதில் சேர்த்த புகை மிகச் சொற்பம், ஆனால் தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். இதைத் தப்பு என்று பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு தயக்கம்?

இந்தப் பேச்சை எடுத்தால் பெற்றோர் பலர் என்னிடம் சொல்வது ஒன்றுதான்: "எனக்குக் கவலைதான் சார், மத்தவங்க யாரு கவலைப்படுறாங்க?" 125 நாடுகளில் சுமார் 1,30,000 பேரிடம் இதைக் கேட்டு 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருமானத்தில் நூற்றுக்கு ஒரு பங்கைப் பருவநிலை மாற்றத்தைத் தடுக்கத் தரத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் எத்தனை பேர் தருவார்கள் என்று கேட்டபோது பதில் சொன்னவர்களின் கணிப்பு சராசரியாக 43 சதவீதம்தான். இவ்வளவு பேருக்கு அக்கறை இருந்தும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறோம், அதைப் பார்க்கும் பிள்ளை பெரியவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று நினைத்துக்கொள்கிறது.

இன்னொன்று, "நீங்கதான் உலகத்தைக் காப்பாத்தணும்" என்று தயவுசெய்து அவர்களிடம் சொல்லாதீர்கள். ஓட்டுப் போடும் வயதுகூட வராத பிள்ளைகள் தலையில் அதைக் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், எதை மாற்றத் தயார், எது முடியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்கு அதே வகுப்பில் இந்தப் பேச்சைத் தொடரப்போகிறோம். எந்த வகுப்புப் பெற்றோரானாலும் வரலாம். பலகையில் இருக்கும் அந்தக் கோட்டை அதுவரை அழிக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
தலைமையாசிரியர்