அடுத்த கோர்ஸ் என்ன என்று கேட்டாயே

அன்புள்ள குட்டிமா,

உன் வாய்ஸ் நோட்டை மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஜோஹன்னஸ்பர்க் குளிரில் ஹீட்டரைக் கட்டிக்கொண்டு நீ படித்தது வீண்போகவில்லை, பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைத் தேர்வில் பாஸ். உன் அப்பாவுக்கு போன் போட்டால், “சம்பளம் எவ்வளவு ஏறும்?” என்றுதான் அண்ணன் முதலில் கேட்டார். நீ கேட்டது வேறு: “அடுத்து என்ன கோர்ஸ் சேரலாம், அத்தை?”

வாட்ஸ்அப்பில் பதில் சொன்னால் சண்டையாகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அந்தச் சான்றிதழ் செல்லுபடியாக வேண்டுமானால் 3 வருடத்துக்கு 60 பிடியு, அதாவது தொழில் மேம்பாட்டுப் புள்ளிகள், சேர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்று. அதில் குறைந்தது 35 படிப்பு. அந்தப் படிப்பிலும் வேலை முறை, மனிதர்களோடு பழகும் திறன், வியாபார அறிவு என்று ஒவ்வொன்றிலும் 8 இருக்க வேண்டும். மீதி 25 வரை, நீ இந்தத் தொழிலுக்குத் திருப்பித் தருவதற்கு. அதில் 8 வரை உன் அன்றாட வேலைக்கே போட்டுக்கொள்ளலாம். சம்பளம் வாங்காமல் ஒரு அமைப்புக்குத் திட்ட மேலாண்மை வேலை செய்து கொடுத்தால் அதுவும் இந்தக் கணக்கில் சேரும். கடிதம், தேதி எல்லாம் பத்திரமாக வைத்துக்கொள், சிலரைத் தணிக்கைக்குக் கூப்பிடுவார்கள். 60 சேராவிட்டால் ஒரு வருடம் நிறுத்தி வைப்பார்கள், அதிலும் முடிக்காவிட்டால் மறுபடியும் தேர்வுதான்.

60-ஐயும் படிப்பிலேயே முடித்துவிடலாம், விதி அதற்கு இடம் கொடுக்கிறது. என் முதல் சுற்றை அப்படித்தான் முடித்தேன். ஒரு பக்கம் வெபினார் தானாக ஓடும், சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருப்பேன். கடைசியில் ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு பிடியு. சான்றிதழும் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டது. அந்த வெபினார்களில் ஒன்றின் தலைப்பு கூட இன்று நினைவில்லை.

அதே வருடம்தான் எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. எந்தக் கம்பெனி என்று எழுத வேண்டாம், உனக்கே தெரியும். மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: “உங்க பிளான்ல ஒரு குறையும் இல்லை. ஆனா கெட்ட செய்தியை டீம்ல யாரும் முதல்ல உங்ககிட்ட சொல்றதில்லை.” உண்மைதான். ஒரு வேலை இரண்டு வாரம் தள்ளிப்போனதையே நான் வாடிக்கையாளர் வாயால்தான் தெரிந்துகொண்டேன். அன்று கார் பார்க்கிங்கில் அரை மணி நேரம் உட்கார்ந்து அழுதேன். இதை உன் மாமாவிடம் கூட சொன்னதில்லை.

அப்புறம் நடந்ததுதான் உனக்குச் சொல்ல வந்தது.

இங்கே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உன் மாமா குடும்பம் நாலு தலைமுறையாகப் போகிற சின்னக் கோவில். காவடி சமயத்தில் அன்னதானத்துக்கு ஆள் தேவை என்றார்கள். “நான் புராஜெக்ட் மேனேஜர், நான் பார்த்துக்கறேன்” என்றேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. எக்செல்லில் ஒரு சார்ட் போட்டேன். நாற்பது தொண்டர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். காலை 4 மணி முதல் 6 வரை காய் வெட்டுதல், 5 மணிக்கு டால் அடுப்பில் ஏறுதல், 9 மணிக்குப் பரிமாறும் வரிசை தயார். பிரிண்ட் எடுத்து லேமினேட் செய்து சமையல் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.

சமையலுக்குத் தலைமை, எல்லாரும் ஆயா என்று கூப்பிடும் ஒரு பாட்டியம்மா. தமிழ் கொஞ்சம், இங்கிலீஷ் நிறைய. கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுச் சார்ட்டைப் பார்த்தார். “நல்லா கலரா இருக்கு” என்றார். அவ்வளவுதான்.

காவடி அன்று நாலு மணிக்குப் போனேன். என் நாற்பதில் வந்திருந்தது ஒன்பது பேர். ஒரு பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட், ஒருவருக்குக் கார் கிடைக்கவில்லை, மூன்று பேர் காவடி எடுப்பவர்கள்! விரதம் இருந்து காவடி தூக்கப் போகிறவரை டால் கிண்டப் போட்டிருந்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை, குழுவில் சார்ட்டைப் போட்டுவிட்டு “கட்டைவிரல் போடுங்க” என்றேன். போட்டார்கள்.

அஞ்சரை மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றது. டர்பனில் இது புதிதில்லை, ஆனால் என் சார்ட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நான் நகராட்சிக்கு போன் அடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆயா கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு தார்ப்பாயை விலக்கினார். முந்தின நாள் ராத்திரியே ஆறு டிரம் நிறைத்து வைத்திருந்தார். பூசணிக்காயும் முந்தின ராத்திரியே ஏழு பெண்களோடு உட்கார்ந்து வெட்டி முடித்து, ஈரத்துணி போட்டு மூடியாகிவிட்டது. “நாலு மணிக்கு யார்ம்மா வருவாங்க? புள்ளைங்க இருக்குல்ல” என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று ஆயிரம் பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். என் சார்ட் ஆவியில் சுருண்டு கீழே விழுந்தது, யாரோ அதை அப்பளத் தட்டுக்கு மூடியாக வைத்தார்கள்.

அடுத்த வருடம் மேனேஜராக இல்லாமல் ஆயாவின் கையாளாகப் போனேன். அவர் வேலை செய்யும் விதம் அப்போதுதான் தெரிந்தது. இரண்டு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடுவார். வேலையைப் பற்றிப் பேச மாட்டார், முட்டிவலி, மருமகள் பிரசவம், பேரன் பரீட்சை. கடைசியில், “அன்னிக்கு உன்னால எது முடியாது?” என்று ஒரே ஒரு கேள்வி. முடியாது என்று சொன்னவர்களிடம் துளி முகம் சுளிக்க மாட்டார். அதனால் எல்லாரும் முன்கூட்டியே உண்மையைச் சொன்னார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கேள்வியைத் திருடிக்கொண்டு போய் ஆபீஸில் திங்கட்கிழமை மீட்டிங்கில் வைத்தேன். முதல் மூன்று வாரம் எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். நாலாவது வாரம் ஒரு பையன், “இந்த வெள்ளிக்கிழமை டெஸ்டிங் முடியாது, மேம்” என்றான். நன்றி சொல்லிவிட்டுத் தேதியை மாற்றினேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் கெட்ட செய்திகள் எனக்கு முதலில் வர ஆரம்பித்தன. சம்பளமும் அதிகாரமும் இருக்கிற இடத்தில் இதைக் கற்றுக்கொண்டிருக்கவே முடியாது குட்டிமா. அங்கே நீ சொல்வதற்குத் தலையாட்டுவார்கள். தொண்டர் தலையாட்டிவிட்டு வராமல் இருந்துவிடுவார்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் ஊரின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமானதே, அங்கே மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் இல்லை. டேங்கர் எங்கே எப்போது வரும் என்ற பட்டியலை நாங்கள் சிலர் பார்த்துக்கொண்டோம். காலையில் வாட்ஸ்அப்பில் போட்ட செய்தி மத்தியானமும் சுற்றிக்கொண்டிருந்ததால் வயதானவர்கள் வாளியோடு வெயிலில் நின்றார்கள். கடைசியில் ஒரே ஆள்தான் போடுவது, நேரம் எழுதாமல் எதுவும் போடக்கூடாது என்று வைத்தபிறகு சரியானது.

ஒன்று, ஜூலை 18 மண்டேலா தினத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதே. மண்டேலாவின் 67 வருடப் பொதுவாழ்க்கை நினைவாக 67 நிமிடம் பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடித்து டீஷர்ட்டோடு போட்டோ எடுப்பது நல்லதுதான், நானும் போவேன். ஆனால் 67 நிமிடத்தில் யாரும் உன்னிடம் “முடியாது” என்று சொல்லப் போவதில்லை. ஒரே இடத்தில் ஒரு வருடமாவது இரு. அப்புறம், பூசணி வெட்டியதற்கெல்லாம் பிடியு போடாதே. திட்டமிட்டது, ஆள் ஒருங்கிணைத்தது, அதற்கு மட்டும்.

சரி, கோர்ஸ். உடனே இன்னொரு சான்றிதழுக்கு ஓடாதே. எனக்கு மிக அதிகம் பயன்பட்டது சனிக்கிழமை ஈசிசூலு (சூலு மொழி) வகுப்பு. இந்த நாட்டில் அதிகம் பேர் வீட்டில் பேசும் மொழி அது. இதற்கு பிடியு உண்டா என்று நான் பார்க்கவே இல்லை. கேபிள் போடும் தொழிலாளிகளிடம் “சானிபோனானி” என்று வணக்கம் சொல்லி, அடுத்த வாக்கியத்தையும் தட்டுத்தடுமாறி அவர்கள் மொழியிலேயே கேட்ட அன்று, எந்தச் சுவருக்குள் ஈரம் இருக்கிறது என்று அவர்களே காட்டினார்கள். அதற்கு முன் நாலு மாதம் அதே தளத்துக்குப் போய்வந்தவள் நான். இரண்டாவதாக நிதி அறிக்கை படிக்கக் கற்றுக்கொள், உன் பட்ஜெட்டை வெட்டுகிறவர் எதைப் பார்த்து வெட்டுகிறார் என்று தெரியும்.

காசு உன் கையிலிருந்து போடாதே. இங்கே வருடச் சம்பளச் செலவு 5 லட்சம் ராண்டைத் தாண்டும் கம்பெனிகள் அதில் 1 சதவீதத்தைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகின்றன. பயிற்சித் திட்டத்தை ஒழுங்காகச் சமர்ப்பித்தால் கட்டியதில் 20 சதவீதம் திரும்ப வரும். கடைசி நாள் ஏப்ரல் 30. பிப்ரவரியிலேயே எச்ஆரிடம் போய், உன் பெயரையும் கோர்ஸையும் அந்தத் திட்டத்தில் எழுதச் சொல். மே மாதம் போய்க் கேட்டால் “அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்பார்கள். எனக்கு இரண்டு தடவை அப்படிச் சொன்னார்கள்.

அங்கே ஜோஹன்னஸ்பர்க்கில் மெல்ரோஸில் முருகன் கோவில் இருக்கிறது, லெனேசியா பக்கமும் கோவில்கள் உண்டு. கோவில் வேண்டாமென்றால் பள்ளி, நாய்கள் காப்பகம், எதுவானாலும் சரி. ஆனால் இந்தத் தைப்பூசத்துக்கு இங்கே வந்துவிடு, ஆயாவிடம் சொல்லிவிட்டேன். முந்தின நாள் மத்தியானமே வா. கத்தி நீயே கொண்டு வா, கொட்டகையில் இருப்பது ஒன்றுகூட பூசணித்தோலில் இறங்காது.

அன்புடன்,
அத்தை
டர்பன்