மொய்னிஹான் ஹாலில் இறங்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நியூயார்க்கில் பழைய தபால் நிலையக் கட்டடத்தை ரயில் நிலையமாக்கி 'மொய்னிஹான்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர் யார் என்று கேட்டிருந்தாய். உன் அப்பனுக்கு அவரை நன்றாகத் தெரியும். அவருக்குத்தான் என்னைத் தெரியாது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ரேஷனில் அமெரிக்கக் கோதுமை போட்டார்கள். உன் பாட்டி அதை அரைத்து அடை வார்ப்பாள். பிய்க்க முடியாது. அந்தக் கோதுமைக்கு நம் அரசு ரூபாயாகக் கொடுத்த பணம் அமெரிக்கா பேரில் இங்கேயே மலையாகக் குவிந்து கிடந்தது. 1973-ல் அமெரிக்கத் தூதராக டெல்லி வந்த மொய்னிஹான், மறு வருஷம் அதில் 1,664 கோடி ரூபாயை ஒரே காசோலையில் நமக்கே திருப்பிக் கொடுத்தார். சின்ன வயதில் நியூயார்க் தெருவில் ஷூ பாலிஷ் போட்ட மனுஷன்!

ஊர் திரும்பி 1978-ல் 'எ டேஞ்சரஸ் பிளேஸ்' என்று புத்தகம் எழுதினார். கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகள் ஜெயித்துவிடக் கூடாதென்று அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ. இரண்டு முறை காங்கிரஸ் கட்சிக்குப் பணம் கொடுத்தது, ஒரு முறை இந்திரா காந்தி கையிலேயே கொடுத்தது என்று அதில் இருந்தது. இந்திரா மறுத்தார். டீக்கடைப் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எனக்கு மொய்னிஹான்மேல் கோபம்தான் வந்தது. இரண்டே முறைதான் என்று நற்சான்று போல அல்லவா எழுதியிருந்தார்! அதுவும் தூதர் பதவியை விட்டு இறங்கிய பிறகு.

ஆனால் அமெரிக்க மேல்சபையான செனட்டில் உட்கார்ந்த 24 வருஷத்தில் ஆள் மாறினார். 1984-ல் நிகரகுவா துறைமுகங்களில் சி.ஐ.ஏ. கண்ணிவெடி போட்டதை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்று, உளவுத்துறைக் குழுவின் துணைத் தலைவர் பதவியை ராஜினாமா செய்வதாக அறிவித்தார். சி.ஐ.ஏ. தலைவர் மன்னிப்புக் கேட்டதும் தங்கிவிட்டார். கிழக்கு ஜெர்மனிக்காரனின் தலைக்கு வருமானம் மேற்கு ஜெர்மனிக்காரனைவிட அதிகம் என்று சி.ஐ.ஏ. கணக்குப் போட்டதை விடாமல் கேலி செய்தார். பெர்லினில் ஒரு டாக்ஸிக்காரனைக் கேட்டிருந்தால் அது தப்பென்று தெரிந்திருக்குமே என்பார். சி.ஐ.ஏ.வையே மூடச் சொல்லி 1991-லும் 1995-லும் மசோதா கொண்டுவந்தார். நிறைவேறவில்லை.

1998-ல் எழுதிய 'சீக்ரஸி' புத்தகம்தான் எனக்கு உறைத்தது. ரகசியமும் ஒரு சட்டம்தான், ஆனால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே ஜனங்களுக்குத் தெரியாது என்கிறார். அலுவலகங்கள் ரகசியத்தைச் சொத்து மாதிரிச் சேர்த்து வைக்குமாம். சோவியத் உளவுத் தந்திகளை உடைத்துப் படித்த ராணுவம், அதைச் சொந்த ஜனாதிபதி ட்ரூமனுக்கே சொல்லவில்லை என்று எழுதுகிறார்.

படித்ததும் எனக்கு அரக்கு வாசனை அடித்தது. நான் வேலை பார்த்த ஒரு அலுவலகத்தில் ஒரு பட்டா கோப்புக்கு 'ரகசியம்' என்று சிவப்பு மசியில் முத்திரை குத்தி, கவருக்குள் கவர் போட்டு, பீரோவில் பூட்டினோம். பக்கத்துப் பிரிவில் கேட்டால் "சீல் வைச்சதுங்க" என்போம். அவ்வளவுதான், மேலே கேட்க மாட்டார்கள். உள்ளே இருந்தது ஒரே ஒரு தாள். அதில் சர்வே எண் தப்பு. எழுதினவர் மாட்டிக்கொள்ளக் கூடாதென்றுதான் அத்தனையும். பட்டாக்காரர் இரண்டு வருஷம் நடந்தார். மெழுகுவத்தியில் அரக்கை உருக்கி ஊற்றியது நான்தான். உன் அம்மாவிடம்கூட இதுவரை சொன்னதில்லை.

வேலையில் சேர்ந்த அன்று ஏதோ பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன், என்ன வேலை என்று வீட்டிலும் சொல்லக்கூடாது என்றாய். சொல்லாதே. நானும் கேட்கவில்லை. கவருக்குள் என்ன இருக்கிறதென்று நீ மட்டும் அவ்வப்போது பிரித்துப் பார்த்துக்கொள்.

அம்மாவும் போட்டோவைப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஹாலில் உட்கார ஒரு பெஞ்சு இல்லையா, ஜனங்கள் தரையில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று கேட்கிறாள். உனக்கு இடுப்பு வலி தேவலையா?

அன்புடன்,
அப்பா