பேக்கப் கோப்பைத் திறந்து பார்த்தபின் செல்பேசியில் உள்ளவற்றை அழிக்கவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய ஆண்ட்ராய்டு செல்பேசியைக் கணினியோடு இணைத்து, கணினியிலிருந்து செல்பேசிக்குக் கட்டளை அனுப்பும் 'ஏடிபி' என்ற மென்பொருள் கருவியின் 'ஏடிபி பேக்கப்' என்னும் ஒரே கட்டளையால் அதிலுள்ள அனைத்தையும் சேமித்துவிடலாம் என்று தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பகுதியில் வெளியான குறிப்பைப் படித்தேன். கட்டளையில் பிழை இல்லை. ஆனால் அது முடிந்தபின் கோப்பைச் சோதிக்க வேண்டும் என்ற ஒரு வரி இல்லாததால், குறிப்பை நம்பிச் செல்பேசியை அழித்துவிடுவோருக்கு நேரக்கூடிய இழப்பை எண்ணி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் செல்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சென்ற மாதம் தையற்கடை நடத்தும் அம்மையார் ஒருவர் தம் மகனுடன் வந்தார். வாடிக்கையாளர்களின் அளவுச் சீட்டுகளை நான்கு ஆண்டுகளாகப் படமெடுத்துச் செல்பேசியிலேயே வைத்திருந்தவர் அவர். மகன் கட்டளையை அடித்து, கோப்பின் பெயர் கணினியில் தோன்றியதும் வேலை முடிந்தது என்று கருதி, செல்பேசியை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதிலிருந்த அனைத்தையும் அழித்துவிட்டார். அந்தக் கோப்பு இருந்த பென்டிரைவை வாங்கிப் பார்த்தேன். கோப்பின் அளவு 0 பைட். கட்டளை அடித்தவுடன் செல்பேசியின் பூட்டைத் திறந்து, திரையில் வரும் ஒப்புதல் பொத்தானைத் தொட வேண்டும். சற்று நேரம் தொடாமல் விட்டால் கருவி அமைதியாக ஒதுங்கிக்கொள்ளும். வெறும் கோப்பு மட்டும் மிஞ்சும். அந்த அம்மையாருக்கு என்னால் எதையும் மீட்டுத்தர இயலவில்லை.

வெறுங்கோப்பையாவது அளவைப் பார்த்துக் கண்டுகொள்ளலாம். சில வேளைகளில் கோப்பு சில பத்து பைட்டுகளோடு நின்றிருக்கும். நோட்பேடில் திறந்தால் 'ஆண்ட்ராய்டு பேக்கப்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரியும், பதிப்பெண்ணும், சுருக்கக் குறியும், குறியாக்கம் இல்லை என்ற சொல்லும் தெரியும். அந்தத் தலைப்புப் பகுதி மட்டும் 24 பைட். அதற்குப்பின் சொல்லும்படியாக எதுவும் இராது. இவற்றைவிட ஆபத்தானது, பல ஜிபி அளவில் நிறைவாகத் தோன்றும் கோப்பு. புகைப்படங்கள் சேர்ந்ததால் அது பெருத்திருக்கும். ஆனால் செயலிகளின் தரவு உள்ளே இராது. தன் தரவைப் பேக்கப் எடுக்கக் கூடாது என்று செயலியை உருவாக்கியவரே தடுத்துவிடலாம். அதற்கு மேலாக, 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், அந்தப் பதிப்பை இலக்காகக் கொண்டு உருவான செயலிகளின் தரவை இக்கட்டளை பொதுவாக விட்டுவிடுகிறது. விடுபட்டவை எவை என்று கருவி பட்டியலிட்டுச் சொல்வதில்லை. மேலும், கட்டளையில் 'ஷேர்ட்' என்ற துணைச்சொல்லைச் சேர்க்காவிட்டால் புகைப்படங்களும் வாரா.

இணைப்பிலேயே தடங்கல் வந்தால், முதலில் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். சார்ஜ் ஏற்ற மட்டுமே உதவும் கேபிள்கள் கடைகளில் ஏராளம். இணைந்துள்ள செல்பேசிகளை ஏடிபி காட்டும் பட்டியலில் 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால், செல்பேசித் திரையில் அக்கணினிக்கு அனுமதி கேட்கும் பெட்டிக்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை என்று பொருள். பென்டிரைவில் நேரடியாகச் சேமிப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அது 'ஃபேட்32' முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருந்தால் 4 ஜிபியைத் தாண்டும் ஒற்றைக் கோப்பை ஏற்காது, இந்தக் கட்டளையோ அனைத்தையும் ஒற்றைக் கோப்பாகவே கட்டுகிறது.

படங்களுக்கும் ஆவணங்களுக்கும் 'ஏடிபி புல்' கட்டளையையே நான் பரிந்துரைக்கிறேன். அது கோப்புகளைத் தனித்தனியே கொண்டுவருவதால், நடுவில் கேபிள் கழன்றாலும் அதுவரை வந்தவை பிழைக்கும். 'ஏ' என்ற துணைச்சொல்லைச் சேர்த்தால் கோப்பின் தேதியும் மாறாது. முடிவில் எத்தனை கோப்புகள் வந்தன, எத்தனை விடுபட்டன என்று அதுவே எண்ணிச் சொல்கிறது. அந்த எண்ணிக்கையைச் செல்பேசிக் கோப்புறையில் உள்ளதோடு ஒப்பிட்டு, பத்துப் படங்களையாவது கணினியில் திறந்து பார்த்துவிட்டால் ஐயம் தீரும். வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அச்செயலியின் சொந்த பேக்கப் வசதியையே பயன்படுத்தி, புதிய செல்பேசியில் அதே எண்ணில் அவை திரும்ப வந்ததைக் கண்ணால் கண்டபிறகே பழையதை அழிக்க வேண்டும்.

கட்டளைகளை வெளியிடுவதைத் தாங்கள் நிறுத்த வேண்டாம். இவற்றால் பயன்பெற்ற மாணவர்களை நான் அறிவேன். அடுத்த முறை இத்தகைய குறிப்பு வெளியாகும்போது, கோப்பின் அளவைப் பார்த்தல், எண்ணிக்கையை ஒப்பிடுதல், சிலவற்றைத் திறந்து பார்த்தல் ஆகிய மூன்றையும் கட்டளைக்குக் கீழேயே, அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன். ஏற்கெனவே வெளியான குறிப்பைப் பார்த்து பேக்கப் எடுத்து, பழைய செல்பேசியை இன்னும் அழிக்காமல் வைத்திருப்போர் பலர் இருக்கக்கூடும். அவர்களுக்காக ஒரு திருத்தக் குறிப்பையும் இவ்வாரமே வெளியிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
செல்பேசி பழுதுபார்ப்பவர்,
கும்பகோணம்.